அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்கலாமா?

கேள்வி: எனக்கு 62 வயது, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். நியூ ஜெர்சியில் இருக்கும் மகளைப் பார்க்கச் செல்லும்போது, லண்டன் வரை விமானத்தில் போய், பிறகு சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு ‘குயின் மேரி 2’ கப்பலில் ஏழு இரவுகள் பயணம் செய்யலாம் என்று மருமகன் சொல்கிறார். என் கணவருக்கு ஒரே உற்சாகம். எனக்கோ, கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போன அந்தச் சில நிமிடங்களிலேயே வாந்தி எடுத்த நினைவு இன்னும் போகவில்லை. நடுக்கடலில் அலை உயர்ந்தால் இறங்கவும் முடியாதே. போகலாமா?
- ஒரு வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: கப்பலுக்கு ஏதேனும் ஆகிவிடுமோ என்ற பயமும், வயிறு என்ன பாடுபடுமோ என்ற பயமும் உங்கள் கடிதத்தில் பின்னிக் கிடக்கின்றன. முதல் பயத்தைக் கேப்டனிடம் விட்டுவிடலாம். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதை நாம் மறுநாள் நாளிதழில் படிக்கிறோம். அவருக்கோ வானிலை விவரங்கள் இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கும், தேவைப்பட்டால் அவர் வழியை மாற்றி விலகிச் செல்வார்.

இரண்டாவது பயம்தான் உண்மையானது. ஆனால் அதற்குக் கன்னியாகுமரிப் படகைச் சாட்சிக்கு அழைப்பது சரியல்ல. சிறிய படகு ஒவ்வோர் அலையின் மீதும் ஏறி இறங்கியாக வேண்டும். 345 மீட்டர் நீளமுள்ள இந்தக் கப்பலோ சாதாரண அலைகள் பலவற்றின் மீது ஒரே நேரத்தில் படுத்திருக்கும். மேலும், நீர்மட்டத்துக்குக் கீழே அதன் இருபுறமும் மீனின் துடுப்பைப் போல நீளும் நான்கு நிலைநிறுத்திகள், கப்பல் பக்கவாட்டில் சாயும்போதெல்லாம் எதிர்த்திசையில் அழுத்தம் கொடுத்து ஆட்டத்தைக் குறைக்கின்றன. ஆனால் முன்பகுதி எழுந்து பின்பகுதி தாழும் ஆட்டத்தை அவற்றால் பெரிதாகத் தடுக்க இயலாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அதனால்தான் அறையின் இடம் முக்கியமாகிறது. பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் ‘சீசா’ பலகையின் நடுவில் உட்கார்ந்தவர் அதிகம் ஆடுவதில்லை அல்லவா? கப்பலின் நீளவாக்கில் நடுவிலும், உயரத்தில் கீழ்த்தளத்திலும் உள்ள அறைகளே மிகக் குறைவாக ஆடும். பெரும்பணம் கொடுத்து வாங்கும் உச்சித்தளத்து முன்பக்க அறைதான் அதிகம் ஆடும் என்பது வேடிக்கை. மாதமும் அதே அளவுக்கு முக்கியம். வட அட்லாண்டிக் குளிர்காலத்தில் முரட்டுத்தனமானது. செப்டம்பர் அங்கே சூறாவளிகளின் உச்ச காலம். ஜூன், ஜூலை மாதங்களில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும், சில நாள் மூடுபனி இருந்தாலும்.

உட்காது ஆட்டத்தை உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலாக வெளிப்படுகிறது. எனவே தலை சுற்றத் தொடங்கியதும் அறைக்குள் முடங்காமல், கைப்பேசியை மூடிவிட்டு, வெளித்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. இஞ்சி மரப்பா எடுத்துச் செல்லுங்கள். சிலருக்கு அது நன்றாகவே கேட்கிறது. அவோமின் போன்ற மாத்திரைகளை வாந்தி வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். அவை தூக்கம் வரவழைக்கும். கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோயோ, உங்கள் கணவருக்குப் புராஸ்டேட் வீக்கமோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாட்களில் உடல் பழகிவிடும். அந்தமான் கப்பலில் சென்னையிலிருந்து போனபோது, முதல் இரண்டு நாட்கள் படுக்கையை விட்டு எழாத நான் மூன்றாம் நாள் தயிர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஐந்தாண்டுகள் கப்பலில் சுற்றிய டார்வினுக்குக் கடைசி வரை குமட்டல் விடவில்லை என்பதும் உண்மைதான். அவரோ 30 மீட்டர்கூட நீளமில்லாத ‘பீகிள்’ பாய்மரக் கப்பலில் போனவர்.

ஆகவே போகலாம் என்பதே என் கருத்து, ஜூன் அல்லது ஜூலையில், நடுப்பகுதிக் கீழ்த்தள அறை கிடைத்தால். பால்கனி இல்லையே என்று உங்கள் கணவர் முணுமுணுத்தால், பகலில் பெரும்பாலும் வெளித்தளம் திறந்துதான் இருக்கும் என்று சொல்லுங்கள்.