குழந்தைகள் அறுவை சிகிச்சை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை செய்கிறேன், இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன், கூடவே சில ஆய்வுகளிலும் இருக்கிறேன். கேள்விகளுக்குள் போகும் முன் ஒன்று. பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு ஐந்து மாதம். குடலிறக்க ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா?

இந்தப் பயத்துக்காகவே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு முழு மயக்கமும் மறுபாதிக்கு விழித்திருக்கும்போதே இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்தார்கள். இரண்டு வயதில் பார்த்தார்கள், ஐந்து வயதில் மறுபடி பார்த்தார்கள். அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. முடிவுகள் 2016, 2019 ஆண்டுகளில் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தன. ஆனால் அது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த ஒரே மயக்கம். மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும் மயக்கத்தையும், திரும்பத் திரும்பக் கொடுப்பதையும் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 இறுதியில் எச்சரித்திருக்கிறது. உங்கள் மகன் விஷயம் அது இல்லை. இந்த வயதில் குடலிறக்கம் சிக்கிக்கொள்ளும் ஆபத்துதான் பெரிது, தள்ளிப்போடாதீர்கள் அம்மா.

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல்...

பெரியவர்களுக்கான அறுவை மருத்துவரைக் கேளுங்கள். என் துறை இல்லை.

அறுவை மேற்படிப்பில் (பிஜி) முதலாம் ஆண்டு. தீசிஸுக்குப் பழைய கேஸ் ஷீட்டுகளைத் தொகுத்தால் போதுமா?

போதும், ஆனால் கேள்வியை முதலில் எழுதுங்கள், அப்புறம் கேஸ் ஷீட்டைத் திறங்கள். எதை வெற்றி என்று எண்ணப் போகிறீர்கள், எதைத் தோல்வி என்று எண்ணப் போகிறீர்கள் என்பதை எண்களைப் பார்த்தபிறகு முடிவு செய்தால் அது ஆய்வே இல்லை. புள்ளியியல் தெரிந்தவரிடம் தொடங்கும் முன்பே போய் உட்காருங்கள், எல்லாம் முடிந்தபின் போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். சீனியர்கள் காரணம் சொல்லாமல் செய்கிற காரியங்களில் இருந்து. 1980களில் குறைமாதக் குழந்தைகளுக்கு இதயத்துக்குப் பக்கத்தில் மூடாமல் நின்ற ரத்தக்குழாயைக் கட்டி மூடும்போது, பல இடங்களில் தசையை அசையாமல் செய்யும் மருந்தும் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற லேசான மயக்க வாயுவும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தார்கள். அவ்வளவு சின்னக் குழந்தைக்கு வலி தெரியாது, வலி மருந்தைத் தாங்காது என்பது பாடம், ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததற்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆக்ஸ்ஃபோர்டில் ஆனந்த் என்ற இளம் மருத்துவர் 16 குழந்தைகளை மட்டும் எடுத்து, பாதிப்பேருக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்துப் பார்த்தார். சேர்க்காத குழந்தைகளின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் ஏறிக் கிடந்தன, ஆபரேஷனுக்குப் பின் சிக்கல்களும் அதிகம். 1987இல் வெளிவந்தது. பதினாறே பேர்! அந்த வலியை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பித்தக்குழாய் அடைபட்ட கைக்குழந்தைக்குச் செய்யும் கசாய் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு கொடுப்பதும் அப்படித்தான். பலரும் நம்பிக்கையோடு கொடுத்தோம். 140 குழந்தைகளிடம் சோதித்து 2014இல் எழுதினார்கள், பித்தம் வடிவதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

மயக்க மருந்து குழந்தையின் நினைவாற்றலைக் குறைக்குமா?

முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

பத்து வயது மகள் ஆய்வில் சேர மாட்டேன் என்கிறாள். நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அவளுடைய ‘மாட்டேன்’ உங்கள் கையெழுத்துக்குக் குறைந்தது இல்லை. அவளுக்கு நேரடியாகப் பலன் தராத ஆய்வு என்றால் சேர்க்கவே கூடாது. சேராததால் சிகிச்சை குறையாது, அதை ஆய்வுக்குழுவிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பயிற்சி மருத்துவர் என் குழந்தை மேல் கத்தி வைக்கக் கூடாது என்று எழுதிக்கொடுக்கலாமா?

கேட்கலாம் சார், உங்கள் உரிமை. யார் எந்தப் பகுதியைச் செய்வார், பக்கத்தில் யார் நிற்பார் என்று கேளுங்கள், தெளிவான பதில் வராவிட்டால் கோபப்படுங்கள். ஆனால் நல்ல மருத்துவமனையில் ‘பயிற்சி மருத்துவர் செய்தார்’ என்றால் தனியாகச் செய்தார் என்று பொருள் இல்லை. எதிரே சீனியர் நிற்பார், ஒவ்வொரு படியிலும் நிறுத்துவார், தேவைப்பட்டால் கத்தியை வாங்கிக்கொள்வார்.

(அதே தந்தை) அழகாகச் சொல்கிறீர்கள். என் பிள்ளை ஏன் அவர்களுக்குப் பாடப்புத்தகமாக வேண்டும்?

(இன்னொருவர்) உங்கள் பிள்ளைக்கு ஆபரேஷன் செய்யும் சீனியர் யார் பிள்ளையிடம் கற்றார்?

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால் என் கதையையே சொல்கிறேன். நான் பயிற்சியில் இருந்தபோது இரைப்பை சிறுகுடலில் திறக்கும் வாய் தடித்து அடைத்த ஒரு மாதக் குழந்தை வந்தது. ராம்ஸ்டெட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1911இல் செய்த அதே ஆபரேஷன்தான் இன்றும்: தடித்த தசையைப் பிளக்கவேண்டும், உள்ளே இருக்கும் சவ்வைத் தொடக்கூடாது. நான் சிறுகுடல் பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்விட்டேன். எனக்குத் தெரியவே இல்லை. என் ஆசிரியர் வழக்கப்படி மூக்குக் குழாயில் காற்றைத் தள்ளச் சொன்னார், குமிழி வந்தது, சவ்வில் ஓட்டை விழுந்திருந்தது. அங்கேயே தைத்து மூடி, தசையை வேறு பக்கத்தில் பிளந்தோம். பால் கொடுப்பது தள்ளிப்போனது, குழந்தை நன்றாக வீட்டுக்குப் போனது. அன்று மாலை அந்தத் தாயிடம் நானே போய்ச் சொல்லவேண்டும் என்றார் ஆசிரியர். சொன்னேன். அவர் அழுதார், ஏன் முன்பே நீதான் செய்யப்போகிறாய் என்று சொல்லவில்லை என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து ஆபரேஷனுக்கு முந்தின நாள் பயிற்சி மருத்துவரைப் பெற்றோர் முன் உட்காரவைத்து, ‘இவர் இதைச் செய்வார், நான் எதிரே நிற்பேன்’ என்று சொல்லாமல் தியேட்டருக்குள் போவதில்லை. சில பெற்றோர் வேண்டாம் என்பார்கள். நானே செய்கிறேன்.

(தந்தை) இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கவேண்டும். அது தவறு, நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

(மூன்றாமவர்) பொம்மையில் கற்றுவிட்டு வரட்டுமே?

வரத்தான் வேண்டும். 1944இல் இதயக் கோளாறால் உடல் நீலம்பாரித்த ‘நீலக் குழந்தைகளுக்கான’ ஆபரேஷனை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பிளாலாக் என்ற அறுவை மருத்துவர் முதலில் செய்தபோது, பின்னால் நின்று வழிகாட்டியவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் இல்லாத ஆய்வுக்கூட உதவியாளர், நாய்களிடம் அதைச் செய்து செய்து கைவந்தவர். ஆனால் இரண்டு கிலோ குழந்தையின் திசு எவ்வளவு இழுத்தால் கிழியும் என்று பொம்மை சொல்லாது. அது சீனியரின் கை மேல் கை வைத்துத்தான் வரும்.

பிறந்து ஐந்து நாள். காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி, கீரைத் தண்ணீர் நிறம். வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது. நாளை காட்டலாமா?

இப்போதே கிளம்புங்கள். வயிறு உப்பாமல் மெத்தென்று இருப்பதை நம்பவேண்டாம், முறுக்கின் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். வழியில் பால் கொடுக்காதீர்கள். குழந்தைகள் அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள், ‘பச்சை வாந்தி’ என்ற வார்த்தையை வாசலிலேயே சொல்லுங்கள். சில மணி நேரத்தில் குடல் முழுவதும் போய்விடலாம்.

அப்பெண்டிசைட்டிஸுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் போதுமாமே?

சிக்கலில்லாத வகைக்குச் சோதித்திருக்கிறார்கள், 936 குழந்தைகள், 2025இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் ஆன்டிபயாடிக் குழுவில் 34 சதவீதம் பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை, ஆபரேஷன் குழுவில் 7 சதவீதம். மூன்றில் இரண்டு பேர் கத்தியிலிருந்து தப்பினார்கள் என்றும் படிக்கலாம். நான் இரண்டு எண்ணையும் பெற்றோரிடம் சொல்கிறேன், என் விருப்பம் ஆபரேஷன்.

மயக்க மருந்து கொடுத்தால் பின்னாளில் படிப்பு வருமா?

மூன்றாவது முறை. முதல் கேள்வியைப் படித்துவிட்டு வாருங்கள், தயவுசெய்து.

லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) வீட்டில் பழகமுடியுமா?

முடியும். அட்டைப்பெட்டியில் இரண்டு துளை, உள்ளே ஒரு விளக்கு, மேலே மொபைல் கேமரா. தினமும் இருபது நிமிடம் முடிச்சுப் போடுங்கள், ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பழகுவதைவிட அது மேல். இடது கையாலும் போடுங்கள். கை வந்தபின் பெட்டியைச் சின்னதாக்குங்கள், பிறந்த குழந்தையின் வயிற்றில் நமக்குக் கிடைக்கும் இடம் ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான்.