மலேசிய அரசாங்கப் பள்ளிகளில் தொழில்வழிச் சிகிச்சையாளர் (occupational therapist) என்ன செய்கிறார்?

எழுதுவது, பொத்தான் போடுவது, உணவு டப்பாவைத் திறப்பது, இடத்தில் நிலையாக உட்காருவது போன்ற அன்றாட வேலைகளைப் பிள்ளை தானே செய்ய வழிகாட்டுபவர் இவர்.

கையெழுத்து கோணினால் நாம் விரலைத்தான் குறை சொல்கிறோம். விரல் நன்றாக அசைய, முதலில் தோளும் இடுப்பும் உறுதியாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால், ஆடும் ஏணியில் நின்று ஆணி அடிப்பவரைப் போல, பிள்ளையின் கவனமெல்லாம் விழாமல் இருப்பதிலேயே போய்விடும். அதனால் இவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார்: கால் தரையைத் தொடுகிறதா? தொடாவிட்டால் காலுக்கடியில் ஒரு பலகை. சில சமயம் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்! பிறகுதான் தடித்த பென்சில், சாய்வுப் பலகை, களிமண் பிசைதல் எல்லாம்.

கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும் பள்ளிக்கு ஒருவர் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலோர் பணிபுரிவது மருத்துவமனைகளில். அரசாங்க கிளினிக் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தனியாரிடம் போனால், 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்முறைச் சட்டப்படி (Allied Health Professions Act) பதிவு பெற்றவரா என்று விசாரியுங்கள்.

இவரிடம் அனுப்பினால் பிள்ளை படிப்பில் மந்தம் என்று பொருளல்ல. வாயால் சரியான விடை சொல்லிவிட்டு அதைத் தாளில் இறக்கத் திணறும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இவரிடம் வருகிறார்கள்.