தலைக்குள் 1,400 கிராம்: வாசகர் கேள்விகள்

நிஜமான மூளையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருக்கும்?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா இது! எடுத்துப் பார்த்ததோடு நிற்கவில்லை; முதலாண்டுப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, "இரண்டு கையாலும் பிடி" என்று அதட்டியும் இருக்கிறேன். படத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மூளை கெட்டியான பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். புதிதாக எடுத்த மூளை இளம் நுங்கு போலத் தளதளவென்றிருக்கும். மேசையில் வைத்தால் தன் பாரத்தாலேயே சப்பையாகிவிடும்.

அதனால்தான் அதைப் பார்மலின் (உடலுறுப்பைக் கெடாமல் காக்கும் திரவம்) வாளிக்குள் அப்படியே போட்டுவிட மாட்டோம். மூளையின் அடிப்பக்கம் ஓடும் ரத்தக்குழாய்க்குக் கீழே ஒரு நூலை நுழைத்து, நூலின் இரு முனைகளையும் வாளியின் இரு காதுகளில் கட்டி, தரையில் படாமல் தலைகீழாகத் தொங்க விடுவோம். இரண்டு வாரம் கழித்து எடுத்தால் வில்லை வில்லையாக அறுக்கும் அளவுக்கு இறுகியிருக்கும். இளஞ்சிவப்பு மறைந்து சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம் வந்திருக்கும். மாணவர்கள் கண்ணெரிச்சலோடு தொட்டுப் பார்ப்பது இந்த மூளையைத்தான்.

எடை 1,300 முதல் 1,400 கிராம். உயிருள்ள உடம்பில் இந்தப் பாரம் அழுத்துவதில்லை. மூளையின் உள்ளறைகளிலும் மூளை, தண்டுவடத்தைச் சுற்றியும் சுமார் 150 மில்லி திரவம் இருக்கிறது. மூளை அதில் மிதப்பதால் எடை 50 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் மூளைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

மனிதன் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறானாமே?
– வாசகர், திண்டிவனம்

மீதி 90 சதவீதத்தில் எந்த இடத்தில் ரத்தக்குழாய் அடைத்தாலும் கவலையில்லை என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? துவரம்பருப்பு அளவு இடம் செத்தாலே ஒரு பக்கக் கை, கால் விழுந்துவிடக்கூடும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, உடல் செலவிடும் சக்தியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு இவ்வளவு படியளக்காது.

மூளையில் எத்தனை நரம்பணுக்கள்? யார் எண்ணினார்கள்?
– பிளஸ் டூ மாணவி, சிவகாசி

சுமார் 8,600 கோடி. வெகுகாலம் பாடப்புத்தகங்கள் 10,000 கோடி என்று எழுதிவந்தன. பிரேசில் விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் மூளையை அப்படியே கரைத்தார். கரைசல் முழுவதும் செல்களின் கருக்கள் ஒரே சீராகப் பரவியதும், ஒரு துளியில் எத்தனை என்று எண்ணி மொத்தத்துக்குக் கணக்குப் போட்டார். மனித மூளைக்கான கணக்கு 2009இல் வெளிவந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இவற்றில் ஐந்தில் நான்கு பங்கு பிடரிப்பக்கம் உள்ள சிறுமூளையில் இருக்கின்றன. மொத்த எடையில் அது 10 சதவீதம்தான். நினைக்கவும் பேசவும் பயன்படும் பெருமூளைப் புறணியில், அதாவது பெருமூளையின் மேலடுக்கில், 1,600 கோடிதான்.

திருமணமாகி மூன்று மாதம் ஆகிறது. குழந்தைக்குத் திட்டமிடுகிறோம் என்றதும் டாக்டர் போலிக் அமில மாத்திரை எழுதிவிட்டார். கர்ப்பமே இல்லாதபோது எதற்கு மாத்திரை என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– வாசகி, காரைக்குடி

டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கருத்தரித்த மூன்றாம் வாரத்தில் கருவின் முதுகுப்பக்கத்தில் ஒரு தட்டை உருவாகிறது. அதன் இரு ஓரங்களும் எழும்பி, ஒன்றையொன்று நோக்கி வளைந்து, நடுவில் ஒட்டிக் குழலாகின்றன. ஒட்டுவது கழுத்துப் பகுதியில் தொடங்கி மேலும் கீழுமாகப் பரவும். தலைப்பக்கத் திறப்பு 25ஆம் நாள் வாக்கிலும், கால்பக்கத் திறப்பு 28ஆம் நாள் வாக்கிலும் மூடிக்கொள்ளும். மேல்பாகம் மூன்று புடைப்புகளாக வீங்கி, பிறகு ஐந்தாகி, மூளையாகிறது. மீதி தண்டுவடம்.

இப்போது நாள்களைக் கூட்டிப் பாருங்கள். 28ஆம் நாள் என்றால் மாதவிலக்கு இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கும். 'வெயிலால் தள்ளிப்போகிறது' என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழல் மூடியிருக்கும், அல்லது மூடாமல் நின்றிருக்கும். மேலே மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாத குழந்தை, அது பிழைக்காது. கீழே மூடாவிட்டால் முதுகுத் தண்டு பிளந்த குழந்தை. இரண்டையும் கண்ணாடி ஜாடிகளில் வைத்துப் பாடம் எடுத்திருக்கிறேன். ஜாடியைக் காட்டும் நாளிலெல்லாம் இந்த மாத்திரையைப் பற்றியும் சேர்த்துச் சொல்லாமல் விட்டதில்லை.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 7 நாடுகளில் நடத்திய ஆய்வு 1991இல் வெளிவந்தது. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பே போலிக் அமிலம் கொடுத்ததில், மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைந்தது. அவர்களுக்குக் கொடுத்தது 4 மில்லிகிராம். உங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவாகத் தினமும் 400 மைக்ரோகிராம் போதும். கீரையும் பருப்பும் நல்லவைதான். மாத்திரைக்கு அவை ஈடாகாது.

பிறகு நடப்பதைப் பார்க்க ஆசையா? சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற படத்தொகுப்பை 2024இல் வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையிலான சிசு மூளைகளை மெல்லிய ஏடுகளாகச் சீவி, 5,132 ஏடுகளைச் செல் செல்லாகத் தெரியும்படி படமெடுத்திருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 14ஆம் வாரத்தில் வழவழவென்றிருக்கும் பெருமூளையில், மடிப்புகள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் விழுகின்றன.

என் நான்கு மாதக் குழந்தையின் உச்சிக்குழியில் மாமியார் தினமும் விளக்கெண்ணெய் வைக்கிறார். அங்கே தொட்டால் மூளைக்கு ஆபத்தில்லையா?
– இளம் தாய், ஒட்டன்சத்திரம்

மெதுவாகத் தொட்டால் ஒன்றும் ஆகாது. தோலுக்குக் கீழே தடித்த சவ்வு மூளையைக் காக்கிறது. எண்ணெய் அதைத் தாண்டி மூளைக்குப் போகாது. ஆகவே குளிர்ச்சியும் தராது, கெடுதலும் செய்யாது. தலையோடு நின்றால் மாமியாரோடு சண்டை வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடத் தொடங்கினால் மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சலைக் கொண்டுவரும்.

பிறக்கும்போது கபால எலும்புகள் ஒட்டியிருப்பதில்லை. பிரசவப் பாதையில் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி வழிவிடுவதற்கும், பிறகு மூளை வளர்வதற்கும் அந்த இடைவெளி வேண்டும். பிறந்தபோது 35 சென்டிமீட்டர் இருக்கும் தலைச் சுற்றளவு முதல் பிறந்தநாளுக்குள் 46 ஆகிவிடும். தடுப்பூசிக்குப் போகும்போது டேப் வைத்து அளந்து அட்டையில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அளவு நின்றுபோனாலும் மளமளவென்று ஏறினாலும் கவனிக்க வேண்டும். பின்பக்கக் குழி இரண்டு மூன்று மாதத்திலும், முன்பக்கக் குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள்ளும் மூடிவிடும்.

குழி துடிப்பது ரத்தநாளத் துடிப்பு, பயப்பட வேண்டாம். வயிற்றுப்போக்கின்போது குழி உள்ளே இறங்கினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். 'உச்சி விழுந்துவிட்டது' என்று தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். தாய்ப்பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். காய்ச்சலும் வாந்தியுமாக இருந்து குழி மேலே புடைத்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரி என்றாலும்.

என் 16 வயது மகனுக்கு மூளை இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. ஐந்து மணிக்கு எழுப்பினால் எழுவதில்லை. எதையும் யோசிக்காமல் செய்கிறான்.
– தந்தை, நாமக்கல்

இருக்கிறது. எடையில் உங்களுடையதற்குக் குறைவில்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணிதான் விளைவை யோசித்துக் கையைப் பிடித்து இழுக்கும் பகுதி. அதன் இணைப்புகள் செப்பனாகி முடிய இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லோக்கர் 1979இல் இந்தப் பகுதியின் நரம்பு இணைப்புகளை எண்ணினார். ஒன்றிரண்டு வயதில்தான் அவை மிக நெருக்கமாக, பெரியவர்களைவிட ஒன்றரை மடங்கு இருந்தன. பிறகு குறைந்துகொண்டே வந்தன. பயன்படாத இணைப்புகளைக் கழித்துப் பயன்படுவதை வலுவாக்கும் வேலை உங்கள் மகனுக்கு இப்போது நடக்கிறது.

பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே ஓரிரு மணி தள்ளிப்போகிறது. 11 மணிக்குத்தான் தூக்கம் வரும் பையனை 5 மணிக்கு டியூஷனுக்கு எழுப்பினால், முந்தைய நாள் படித்தது மனதில் பதியும் நேரத்தைத்தான் வெட்டுகிறீர்கள். எந்த வாத்தியாருக்குப் பணம் கட்டுகிறீர்களோ தெரியவில்லை. அவரிடம் மாலை வகுப்பு கேளுங்கள்.

ஆணின் மூளை பெண்ணின் மூளையைவிடப் பெரியது என்பது விஞ்ஞான உண்மைதானே?
– வாசகர், கரூர்

உண்மைதான், சராசரியாக 10 சதவீதம். யானையின் மூளை நான்கு கிலோவுக்கு மேல். ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம்.

அரசு பஸ்ஸில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றேன். பெயர்கள் மறக்கின்றன. இந்த வயதில் மூளை புதிதாக எதையும் கற்குமா?
– வாசகர், வயது 66, தேனி

கற்கும். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். நரம்பியல் விஞ்ஞானி எலினார் மகுவயர் 2000இல் ஸ்கேன் செய்து பார்த்தபோது, நினைவுக்கும் வழிக்கும் பொறுப்பான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி அவர்களுக்குப் பெருத்திருந்தது. உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய விஷயம்: 2006இல் லண்டன் பஸ் ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். அதே ஊர், அதே நெரிசல், அதே அலுப்பு. ஆனால் பஸ்காரர்களுக்கு அந்தப் பெருக்கம் இல்லை. தினமும் ஒரே தடம்! 2011இல் டாக்சித் தேர்வுக்குப் படித்தவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், தேறியவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. அவர்கள் உங்களைவிட இளையவர்கள்தான். ஆனாலும் புதுப் பாதை போடும் வேலை 66இல் நின்றுவிடுவதில்லை, வேகம்தான் குறையும்.

ஆகவே தெரிந்ததையே திரும்பச் செய்யாமல், சிரமம் தரும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: மிருதங்கமோ, மலையாள எழுத்தோ. காது மந்தமாக இருந்தால் கருவி வாங்கிப் போடுங்கள். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் மறந்து, சற்று நேரம் கழித்துத் தானாக நினைவுக்கு வந்தால் வயதின் வேலை. ஓட்டிப் பழகிய தடத்திலேயே எந்த நிறுத்தம் என்று தெரியாமல் நின்றாலோ, கேட்டதையே கேட்கிறீர்கள் என்று வீட்டில் சொன்னாலோ, நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மகளையும் அழைத்துப் போங்கள். உங்களுக்கு மறந்ததை அவர்தான் சொல்ல முடியும்.