நோர்வேயில் கடல்நாய் வேட்டை: துவக்கே தொடாதவர் எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: வட நோர்வேயில் ஒரு சின்னத் தீவில் இருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணக் கரையோரம். மீன் தொழிற்சாலையில் வேலை. சிறிய வள்ளம் ஒன்று உண்டு. போன வருடம் பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் கடல்நாய் இறைச்சி தந்தார், பிடித்துப்போயிற்று. நானும் வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறேன். ஆனால் துவக்கைத் தொட்டதே இல்லை. வலையைக் கிழிக்கிற கடல்நாயை யாரும் சுடலாம் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா? முறைப்படி பழக என்ன வழி? தோலைப் பாரிஸில் இருக்கும் தங்கைக்கு அனுப்பலாமா?

பதில்: நண்பர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். வலைக்கோ மீன் பண்ணைக்கோ சேதம் செய்கிற கடல்நாய் தொடர்பாக விதிவிலக்கு ஏதும் இருக்கிறதா என்பதை அந்த வருட விதியில்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் அது சேதப்பட்ட தொழிலின் உரிமையாளருக்கானது, யாருக்கும் பொதுவானதல்ல. பொழுதுபோக்காக வலை போடுகிறவர் அதைச் சாட்டாக வைத்துத் துவக்கு தூக்கினால் பொலிஸ் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

முறையான வழி நீளமானது, ஆனால் கடினமானதல்ல. இன்று தொடங்கினால் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ சுடலாம் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் படி யேகர்புரோவன், அதாவது வேட்டைக்காரர் தேர்வு. 1986 முதல் நோர்வேயில் புதிதாக வேட்டைக்கு வருகிற எவருக்கும் இது கட்டாயம். முப்பது மணி நேர வகுப்பு, ஒன்பது அமர்வுகள், இடையே சுடுதளத்திலும் வெளியிலும் செய்முறை. கடைசியில் 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள், சரியானதைத் தெரிவு செய்ய வேண்டும். வகுப்புகளைப் பெரும்பாலும் நடத்துவது வேட்டைக்காரர், மீன்பிடிப்பாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள். 1871இல் தொடங்கிய பழைய சங்கம் அது. கேள்விகளில் பாதிக்குமேல் மான், காட்டுக்கோழி, சட்டம், துவக்குப் பாதுகாப்பு என்றுதான் வரும். கடல்நாய்க்கென்று அதிகம் இருக்காது. பரவாயில்லை. வகுப்பின் உண்மையான லாபம் வேறு: உள்ளூர் வேட்டைக்காரர்கள் பத்துப் பேரின் முகம் பழக்கமாகிவிடும்.

தேர்வில் தேறியபின் துவக்கு வாங்கப் பொலிஸ் அனுமதி, வீட்டில் அதைப் பூட்டிவைக்கத் தரச்சான்று பெற்ற இரும்புப் பெட்டகம், ஒவ்வொரு வருடமும் வேட்டைக் கட்டணம். வேட்டை ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கும். எங்கள் தலைமுறைக்குத் துவக்கு என்றால் வேறு நினைவுகள் வரும். சுடுதளத்தில் முதல் நாள் எனக்கும் கை நடுங்கியது. பயிற்றுநரிடம் அதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒரு தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து எனக்குத் தனியாகச் சொல்லித்தந்தார். நீங்களும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பெரிய விலங்குகளுக்கான சுடுதல் தேர்வு. கடல்நாய்க்கும் இதுதான் தேவை, வருடாவருடம் தேற வேண்டும். முதலில் 30 பயிற்சிச் சூடுகள், பிறகு 100 மீற்றரில் உள்ள கலைமான் உருவத்தின் மீது 5 சூடுகள். ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டும். கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் கடல்நாயைத் தலையில்தான் சுடுகிறோம், அதன் மூளை ஒரு தோடம்பழம் அளவுதான். ஆகவே இந்தத் தேர்வில் தேறியவுடன் நான் தயார் என்று நினைத்துவிடாதீர்கள். தோடம்பழம் அளவு வட்டத்தை வரைந்து, கல்லில் சாய்ந்து படுத்து, எந்தத் தூரம்வரை பத்துக்குப் பத்து விழுகிறதோ அதுவே உங்கள் எல்லை. என் எல்லை 70 மீற்றர். அதற்கு வெட்கப்படுவதில்லை.

இனி அனுமதி. கரையோரக் கடல்நாய்களை நிர்வகிப்பது பேர்கனில் தலைமையகம் உள்ள மீன்வள இயக்குநரகம். நோர்வேக் குடியுரிமை இருக்க வேண்டும் என்பதில்லை, இங்கே நிரந்தரமாக வசித்தால் விண்ணப்பிக்கலாம். அனுமதி குறிப்பிட்ட மாவட்டத்துக்கும் குறிப்பிட்ட வருடத்துக்கும்தான். ஒவ்வொரு இனத்துக்கும் மாவட்டவாரியாக ஒரு எண்ணிக்கை ஒதுக்குவார்கள். அது முடிந்த நாளே வேட்டையும் முடிந்தது. அதனால்தான் சுட்டதை உடனே அறிவிக்க வேண்டும். வள்ளத்தை அவிழ்க்கும் முன் ஒதுக்கீட்டில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். தனியார் நிலத்தில், பாறைத்திட்டுகளில் ஏறிச் சுட நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அவருடைய உரிமை கரையோடு நிற்பதில்லை, ஆழமற்ற கடல் முடிந்து அடித்தளம் சரியத் தொடங்கும் இடம்வரை நீளும். இயற்கைக் காப்பகங்களுக்குத் தனி விதிகள்.

இந்த எண்ணிக்கைகள் சும்மா வருவதில்லை. கரையில் இருப்பவை முக்கியமாக இரண்டு இனங்கள்: ஸ்டைன்கொப்ப என்கிற சின்னது, ஹாவர்ட் என்கிற பெரியது. முடி உதிர்க்கும் காலத்துக் கணக்கெடுப்பில் ஸ்டைன்கொப்ப 7,000 இருக்க வேண்டும், ஹாவர்ட் வருடத்துக்கு 1,200 குட்டிகள் போட வேண்டும் என்பது அரசின் இலக்கு. கணக்கு கீழே போனால் ஒதுக்கீடும் குறையும். சில பகுதிகளில் ஹாவர்ட்டின் ஒதுக்கீட்டை அப்படித்தான் கடுமையாக வெட்டினார்கள். மீனவர்களுக்கு ஹாவர்ட் மீது கோபம் வரக் காரணம் வலை மட்டுமல்ல. நீங்கள் தொழிற்சாலையில் கொட் மீனின் சதையிலிருந்து ஊசியால் எடுத்துப்போடுவீர்களே புழு, அதில் ஒரு வகை முதிர்ச்சியடைவது கடல்நாயின் வயிற்றில்.

இரண்டு இனத்துக்கும் ஒதுக்கீடு வேறு, காலமும் வேறு. எனவே மாற்றிச் சுட்டால் குற்றம். தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரியும்போது எப்படிப் பிரிப்பது? பக்கவாட்டில் பாருங்கள். ஸ்டைன்கொப்பவுக்கு நாய்க்குட்டி முகம்: நெற்றி உருண்டு, மூக்குக்கு முன் ஒரு பள்ளம் விழும். ஹாவர்ட்டுக்குக் குதிரை முகம்: நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை நேர்கோடு. நேராகப் பார்த்தால் மூக்குத் துளைகள் காட்டிக்கொடுக்கும். ஸ்டைன்கொப்பவின் துளைகள் கீழே நெருங்கி 'வி' போல இருக்கும், ஹாவர்ட்டுடையவை விலகி இணையாக நிற்கும். ஒரு முழுக் குளிர்காலம் தொலைநோக்கி மட்டும் எடுத்துப் போய் இதைப் பழகுங்கள். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் கடதாசி வேலை. புதியவர்கள் தோற்பது இனிமேல் வரும் இடத்தில். சுடுவதில் அல்ல, சுட்டதைக் கரைக்குக் கொண்டுவருவதில்.

கடல்நாய் தாழும். சில சமயம் மிதக்கும், பல சமயம் நீங்கள் கயிற்றை எடுப்பதற்குள் போய்விடும். மிதப்பது கொழுப்பின் தடிப்பைப் பொறுத்தது. குட்டி போட்டு, முடி உதிர்த்து முடித்த ஓகஸ்ட், செப்ரெம்பரில் ஸ்டைன்கொப்ப மெலிந்திருக்கும், கல்லைப் போட்டதுபோலத் தாழும். குளிர்கால முடிவில் கொழுத்திருக்கும். ஜனவரியில் உங்கள் பக்கம் வெளிச்சமே இல்லை. ஆகவே முதல் வேட்டைக்கு மார்ச், ஏப்ரல்தான் என் தெரிவு. ஸ்டைன்கொப்ப குட்டி போடுகிற கோடையிலும் ஹாவர்ட் குட்டி போடுகிற இலையுதிர் காலத்திலும் அந்தந்த இனத்துக்குத் தடை. சரியான திகதிகளை அந்த வருட விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வற்றுக் காலத்தில் பாறைத்திட்டில் ஏறிப் படுத்திருப்பதைத் தேடுங்கள். காற்று அதனிடமிருந்து உங்களை நோக்கி வர வேண்டும். ஆடுகிற வள்ளத்திலிருந்து சுடாதீர்கள், எதிர்ப் பாறையில் இறங்கிப் படுங்கள். அப்புறம் பின்னணி: ஈரப் பாறையிலும் தண்ணீரிலும் பட்ட குண்டு தெறித்து எங்கோ போகும். பின்னால் மலைச்சரிவு இல்லாமல் திறந்த நீரிணையும் வீடுகளும் இருந்தால் அன்றைக்குச் சூடு இல்லை. விரிகிற முனையுள்ள றைபிள் குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும். சுட்டவுடன் எழும்பி ஓடாதீர்கள். அடுத்த குண்டை ஏற்றி, தலை அசைகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் உடனே இன்னொன்று.

சுடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது வழுக்கி விழுந்தால் எவ்வளவு ஆழத்தில் விழும்? மூன்று மீற்றர் என்றால் நீண்ட கொக்கித்தடியால் எடுக்கலாம். அடியில் கண்ணாடி பொருத்திய குழாயை வள்ளத்திலிருந்து தண்ணீரில் அமிழ்த்தினால் அடித்தளம் தெளிவாகத் தெரியும். பாறை செங்குத்தாக இருபது மீற்றருக்கு இறங்கினால் விட்டுவிடுங்கள். என் முதல் வருடத்தில் அப்படி ஒன்றை இழந்தேன். நல்ல சூடுதான், அந்த இடத்திலேயே செத்தது. ஒரு சின்ன அலை வந்து தூக்கிப் போனது. இரண்டு மணி நேரம் கொக்கி போட்டுத் தேடினோம். கூட வந்த கிழவர் வீடு திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் அயலவரிடம் போய்க் கேளுங்கள்: ஒரு பருவம் உங்களோடு வரட்டுமா, வள்ளம் ஓட்டுகிறேன், கொக்கி பிடிக்கிறேன் என்று. துவக்கில்லாமல் துணைக்குப் போக எந்தத் தேர்வும் தேவையில்லை. கடலில் வளர்ந்தவர் நீங்கள், நீரோட்டம் பார்க்கத் தெரிந்த துணையை எந்த வேட்டைக்காரரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

உரிக்கும்போது தடித்த கையுறை அவசியம். கைவிரலில் வெட்டுக் காயம் இருந்தால் கடல்நாயிலிருந்து ஒரு கிருமி தொற்றும். இங்குள்ளவர்கள் அதைக் 'கொழுப்பு விரல்' என்பார்கள். விரல் வீங்கி, மூட்டு விறைத்து, தூங்கவிடாத வலி. பென்சிலின் அதற்குக் கேட்காது, டெட்ராசைக்ளின் வகை மருந்து வேண்டும். இளம் மருத்துவர் பலருக்கு இது தெரியாது. கடல்நாய் உரித்தேன் என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இறைச்சி கறுத்த சிவப்பாக இருக்கும். நீண்ட நேரம் மூழ்கியிருக்க ஒட்சிசனைத் தசையிலேயே சேர்த்துவைக்கிற விலங்கு என்பதால் அந்த நிறம். உடனே இரத்தம் வடித்து, குளிரவைத்து, கொழுப்பை ஒரு பொட்டும் விடாமல் சீவி எடுங்கள். கொழுப்புத்தான் சீக்கிரம் காறும். ஒரு முறை அவசரத்தில் விரலளவு துண்டு சட்டிக்குள் போய்விட்டது. மிளகும் கறித்தூளும் எவ்வளவு போட்டும் மூன்று நாளைக்கு வீடெல்லாம் பழைய மீனெண்ணெய் மணம். நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள், ஒட்டுண்ணி இருக்கக்கூடும்.

கடைசியாகத் தங்கையின் தோல். தபாலில் அனுப்ப வேண்டாம். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்ப் பொருட்களின் வணிகத்தைத் தடை செய்தது. நோர்வேயும் கனடாவும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டும், விலங்குநலம் குறித்த பொது ஒழுக்கத்தின் பேரில் தடை போடலாம் என்பதை 2014 தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பயணிகள் சொந்தப் பாவனைக்குக் கொண்டுபோகும் பொருளுக்கு மட்டும் இடம் உண்டு. அதனால் தங்கை இங்கே வரும்போது, பதனிட்ட தோலில் தைத்த கையுறையைப் போட்டுக்கொண்டு திரும்பட்டும். அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்கு அதுவும் கிடையாது, 1972 முதல் அங்கே கதவு மூடியிருக்கிறது.