முக்கால் கிலோவா, ஒன்றே கால் கிலோவா?

தம்பி, உன் கேள்வி வந்து ரெண்டு நாள் ஆகிறது. லீவுக்கு ராயபுரம் வந்திருக்கிறேன், பகல் முழுக்க சொந்தக்காரர் வீடு, இப்போதுதான் மாடியில் காற்றாட உட்கார்ந்து எழுத முடிகிறது. நீ அலாஸ்காவில் ஆங்கரேஜ் போய் நாலு மாசம், மனைவி வழியில் கிரீன் கார்டு இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்கள் கோடையில் ஆற்றுக்கு சால்மன் பிடிக்கப் போகிறார்கள், அங்கே கரடி வரும், அதனால் சின்னதாக, இலேசாக, பெரிய தோட்டா போடுகிற ரிவால்வர் ஒன்று வாங்கிக்கொள் என்று ஒருத்தர் சொல்கிறார், வாங்கலாமா அண்ணா என்று கேட்டிருக்கிறாய்.

பெரிய தோட்டா சரி, இலேசு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம பேட்டையில் வளர்ந்தவனுக்குத் துப்பாக்கி என்றால் திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் பலூன் சுடுகிறதுதான். நானும் அப்படித்தான் அலாஸ்கா வந்தேன். கடையில் முதல் தடவை கையில் வாங்கியதும் இலேசாக இருப்பதுதான் நல்லது என்று தோன்றும், மலை ஏறப்போகிறவன் வேறெப்படி யோசிப்பான்? ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனியில் 329 பி.டி. என்று ஒன்று இருக்கிறது, உடம்பு ஸ்கேண்டியம் என்கிற உலோகம் கலந்த அலுமினியம், தோட்டா போடுகிற அறைகள் உள்ள உருளை, அதாவது சிலிண்டர், டைட்டானியம், நாலு அங்குலக் குழல், போடுகிற தோட்டா .44 மேக்னம் என்கிற பெரிய ரகம், எடை முக்கால் கிலோகூட வராது. ரூகர் சூப்பர் ரெட்ஹாக் அலாஸ்கன் இன்னொரு பக்கம்: முழுக்க ஸ்டீல், ரெண்டரை அங்குலக் குட்டைக் குழல், ஒன்றே கால் கிலோ. காசிமேட்டில் மீன் வாங்கிய கைக்கு அந்த அரைக்கிலோ வித்தியாசம் சொல்லாமலே தெரியும். ஆனால் சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுகிற உதையை வாங்கிக்கொள்வதே அந்த எடைதான். தோட்டா ஒன்றேதான், துப்பாக்கியில் குறைத்த கனத்துக்கெல்லாம் சேர்த்து உன் மணிக்கட்டு வாங்கும்.

சின்ன வயசில் ரெண்டு வருசம் பாக்சிங் போனேன், பெரிய ஆளெல்லாம் இல்லை, ஆனால் மூட்டையில் குத்தும்போது மணிக்கட்டு கொஞ்சம் மடங்கினாலும் என்ன ஆகும் என்று தெரியும். இலேசான .44 அப்படித்தான் இருக்கும், ஒவ்வொரு குண்டுக்கும். வலிகூடப் பெரிசில்லை, அதுக்கப்புறம் வருகிற பயம்தான் வினை. சுடும் இடத்தில் நண்பர் எனக்கு ஒரு வேலை செய்தார், ஆறு அறையில் நாலில் நல்ல தோட்டா, ரெண்டில் சுட்டுத் தீர்ந்த காலிக் கூடு, எது எங்கே என்று எனக்குத் தெரியாமல் மூடிக் கொடுத்தார். காலிக் கூட்டில் சுத்தி 'டக்' என்று விழுந்தது, வெடி இல்லை, ஆனால் குழல் முனை நாலு விரற்கடை கீழே குனிந்தது. உதை வரும் என்று என் கை முன்கூட்டியே அடித்துக்கொண்டுவிட்டது! அப்படிக் குனிகிற கையால் பாய்ந்து வருகிற கரடியை அடிக்க முடியாது, அதன் காலடி மண்ணைத்தான் அடிக்கலாம். இந்தப் பழக்கம் போக நிறையச் சுட வேண்டும், வலிக்கிற துப்பாக்கியை யாரும் நிறையச் சுடுவதில்லை. ஒரு பெட்டி தோட்டா வாங்கி, பத்து சுட்டு, மீதியை அலமாரியில் வைத்துவிட்டு நாலு வருசமாகத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, நானே பட்டது. கடன் வாங்கிய ஒரு இலேசு ரக ரிவால்வர், மூணாவது குண்டு சுட்டதும் சிலிண்டர் சுற்றவில்லை. விசை இழுபடவே மாட்டேன் என்கிறது. திறந்து பார்த்தால், சுடாத ஒரு தோட்டாவின் முனையில் இருக்கிற ஈயக் குண்டு கூட்டைவிட்டு முன்னால் நழுவி, சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. துப்பாக்கி பின்னால் எகிறுகிற வேகத்தில் மற்ற அறைகளில் இருக்கிற தோட்டாக்களின் கூடு பின்னால் இழுபடும், ஈயம் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், கூட்டின் வாய் இறுக்கமாக மடிக்கப்படவில்லை என்றால் கழன்று வந்துவிடும். துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு இந்த வம்பு. அன்றைக்கு எதிரே இருந்தது காகிதம், பிழைத்தேன். எதை வாங்கினாலும், எந்தத் தோட்டாவோடு காட்டுக்குப் போகிறாயோ அதையே போட்டு, கடைசி ஒன்று தவிர எல்லாம் சுட்டு, அந்த ஒன்றைச் சுடாமல் எடுத்து நீண்டிருக்கிறதா என்று பார்.

அப்போ எதுதான் வாங்குவது? நான் வைத்திருப்பது அதே ஸ்மித் அண்ட் வெசனின் ஸ்டீல் 629, நாலு அங்குலம், .44 மேக்னம், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இன்னும் சின்னதுதான் வேண்டும் என்றால் அவர்களுடைய மாடல் 69 பார், ஐந்து குண்டுதான், ஏறக்குறைய ஒரு கிலோ, ஸ்டீல். அலாஸ்கன் கெட்டியான சாமான், இன்னும் பலமான .454 கசுல் தோட்டாவிலும் கிடைக்கிறது, ஆனால் முதல் துப்பாக்கியாக அது எதற்கு? ரெண்டரை அங்குலக் குழலில் தோட்டாவின் வேகம் கொஞ்சம் போகும், சத்தமும் நெருப்பும் முகத்துக்கு முன்னால் வரும். .44 மேக்னம் 1955-லிருந்து இருக்கிறது, போதும். அதிலேயே .44 ஸ்பெஷல் தோட்டாவும் போகும், உதை பாதிகூட இருக்காது, பழகுவதற்கு அதைச் சுடு. பத்து மில்லிமீட்டர் கிளாக் பிஸ்டல் வாங்கு என்றும் ஒருத்தன் வருவான், பதினைந்து குண்டு என்பான். மோசமில்லை. மேலே விழுந்து அமுக்குகிற மிருகத்தின்மேல் குழலை வைத்து அழுத்தினாலும் ரிவால்வர் வெடிக்கும், கிளாக்கில் ஸ்லைடு என்கிற மேல் பாகம் பின்னால் நகர்ந்துவிட்டால் வெடிக்காமல் நின்றுபோகலாம், அதனால் நான் பழசோடு இருக்கிறேன்.

காட்டுக்கு, உடம்புக்குள் போய் விரிகிற தோட்டா வேண்டாம், அது மனுசனுக்கு. கரடியின் எலும்பைத் துளைத்து ஆழமாகப் போக வேண்டும், தட்டை முனை, கெட்டி ஈயம் என்று கேள், கொடுப்பார்கள்.

உறை இடுப்பில் வேண்டாம், மார்பில் கட்டு. ஆற்றில் நிற்கும்போது மார்பு வரை ரப்பர் உடுப்பு, முதுகில் பை, இடுப்பு வாருக்கெல்லாம் கை போகாது. மார்பில் கட்டினால் அந்த ஒரு கிலோ தெரியவே தெரியாது, இலேசானதைத் தேடியதன் காரணமே அங்கே காணாமல் போகிறது பார்.

சட்டம். அலாஸ்காவில் 21 வயசு ஆனவன் லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம், கிரீன் கார்டுக்காரனும் வாங்கலாம். ஆனால் உன் ரூமில் எச்-1பி பையன் ஒருத்தன் இருக்கிறான் என்றாயே, அவனிடம் 'ஒரு நிமிசம் பிடி' என்றுகூடக் கொடுத்துவிடாதே. வேலை விசாவில் இருப்பவன் துப்பாக்கி வைத்திருப்பது ஃபெடரல் குற்றம், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு, மீன் லைசென்ஸ் அதில் சேராது. பூட்டுகிற பெட்டி வாங்கு, சாவி உன்னிடம் மட்டும். கனடா வழியாகக் காரில் அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்குப் போகும்போது இதைக் கொண்டு போகவே போகாதே. அப்புறம், உயிருக்கு ஆபத்து என்று கரடியைச் சுட்டுவிட்டால் திரும்பி வந்து டீ குடிக்க முடியாது, தோலை நகத்தோடு உரித்து, மண்டையோட்டோடு அரசாங்கத்திடம் ஒப்படைத்து, 15 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பழுப்புக் கரடியை உரிப்பதை யோசித்துப் பார்.

அதனால்தான் துப்பாக்கிக்கு முன்னால் கரடிமேல் அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரே வாங்கு என்கிறேன். 2008-ல் வந்த ஒரு ஆய்வில், அலாஸ்காவில் பழுப்புக் கரடிமேல் அடித்த சம்பவங்களில் 92 சதவீதத்தில் அது கரடியை நிறுத்தியிருக்கிறது. பெரிய மேகமாகப் போகும், கை நடுங்கினாலும் படும். இங்கே மாமாவிடம் இதைச் சொன்னேன், 'அப்போ நம்ம வீட்டு மிளகாப்பொடியே போதுமே, எதுக்கு அம்மாம் காசு?' என்கிறார். விமானத்தில் மட்டும் ஏற்ற விடமாட்டார்கள், போகிற ஊரில் வாங்கிக்கொள். புதர் வழியில் நடக்கும்போது சத்தம் போட்டுக்கொண்டே போ, திடுக்கிட்ட கரடிதான் பாயும். வெள்ளைக்காரன் 'ஹேய் பேர்' என்று கத்துவான், நான் 'டேய், யார்ரா அங்க' என்று கத்துவேன், இதுவரை எதுவும் பதில் சொன்னதில்லை.

நேற்று உங்கம்மாவைக் கல்மண்டபம் மார்க்கெட்டில் பார்த்தேன். துப்பாக்கி விசயம் எதுவும் பேசவில்லை, நீயும் சொல்லாதே. நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், வரும்போது கொண்டு வருகிறேன். வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு வறுத்துச் சாப்பிடு. ஆற்றங்கரைக் கூடாரத்துக்கு மட்டும் எடுத்துப் போய்விடாதே.