ஒரு ஸ்பூன் என்றால் எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்: கைக்குழந்தை முதல் மூன்று வயது வரை

கே: மகளுக்கு எட்டு மாதம். ஆறு மாதம் முடிந்ததிலிருந்து கேழ்வரகுக் கஞ்சி காலை, மாலை கொடுக்கிறேன். ஸ்பூனில் ஊட்டினால் துப்புகிறாள் என்று பாட்டிலில் ஊற்றி, நிப்பிளைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக் கொடுக்கிறோம். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிடுகிறாள். ஆனாலும் போன மாதம் 100 கிராம்கூட எடை ஏறவில்லை. கேழ்வரகு சத்துதானே?
— வாசகி, நாமக்கல்

ப: கேழ்வரகில் குறை இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது. நிப்பிள் ஓட்டை வழியாக இறங்குகிறது என்றால் அதைக் கஞ்சி என்றே சொல்ல முடியாது. மாவு கரைத்த தண்ணீர். கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவு சுமார் 8 கிராம். அதில் 27 கலோரி போல இருக்கும். அதை ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சி இரண்டு வேளை கொடுத்தால் நாள் முழுக்கச் சேர்வது 55 கலோரிக்குள். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிற குழந்தைக்கே ஆறு முதல் எட்டு மாதம் வரை வெளி உணவிலிருந்து நாளுக்கு 200 கலோரி வேண்டும், ஒன்பதாம் மாதத்திலிருந்து 300. ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லி சுமாருக்குத்தான் கொள்ளும். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

ஒரு வேளைக்குத் தலைதட்டி மூன்று மேசைக்கரண்டி மாவு எடுங்கள். கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இன்னொரு முக்கால் டம்ளரைக் கொதிக்கவைத்து, அதில் கரைசலை ஊற்றி, சிறு தீயில் ஆறேழு நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். வெளிறிய மாவு நிறம் மாறி, கருஞ்சிவப்பாகப் பளபளப்பு வரும். பச்சை வாசனை போயிருக்கும். பளபளப்பு வருமுன் இறக்கினால் மாவு வேகவில்லை என்று அர்த்தம். "கேழ்வரகு கொடுத்தால் வயிறு உப்புகிறது" என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. இறக்கியபின் ஒரு டீஸ்பூன் நெய் அல்லது செக்கு எண்ணெய். அது மட்டுமே 40 கலோரி. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக்கூடாது, சரிந்து மெதுவாக விழ வேண்டும். அதுதான் பதம்.

ஆறினால் களி மாதிரி இறுகுமே என்பீர்கள். உடனே கை வெந்நீர்ச் செம்புக்குத்தான் போகும், போகக்கூடாது. இதற்கு முளைகட்டிய மாவு இருக்கிறது. கேழ்வரகை 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒன்றரை நாள் கட்டிவைத்தால் முளை விடும். காயவைத்து, கை பொறுக்கும் சூட்டில் மட்டும் லேசாக வறுத்து, முளையைத் தேய்த்து உதிர்த்துவிட்டு அரைத்து வையுங்கள். கெட்டியான கஞ்சி கொதி அடங்கியபின், சூடு இருக்கும்போதே, இந்த மாவில் அரை டீஸ்பூன் போட்டுக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் அதுவாகவே இளகும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். முளைவிட்ட தானியத்தில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைப்பதால் இளகுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் கூடவில்லை, கலோரியும் குறையவில்லை. சிவக்க வறுத்த மாவிலும் கொதிக்கிற கஞ்சியிலும் இது வேலை செய்யாது, நொதி செத்துப்போகும்.

எட்டு மாதத்தில் கஞ்சியோடு நின்றுவிடவும் கூடாது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏராளம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். இரும்புச்சத்து அப்படி இல்லை. இருக்கிற கொஞ்சமும் உடம்பில் சரியாக ஒட்டாது. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துகொண்டு வரும். அதனால் மதியம் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்டுக் குழைய வேகவைத்து, கீரையோ கேரட்டோ சேர்த்துக் கையால் மசியுங்கள். மிக்ஸியில் அடிக்க வேண்டாம். அசைவம் சாப்பிடும் வீடு என்றால் நன்றாக வெந்த முட்டை, முள் எடுத்த மீன், வாரம் ஓரிரு முறை ஒரு ஸ்பூன் கோழி ஈரல் மசித்தது. ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். சப்பென்று இருப்பது ருசி பார்க்கிற பெரியவர்களின் நாக்குக்குத்தான். தேனும் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

துப்புவது வெறுப்பு இல்லை. உறிஞ்சிப் பழகிய நாக்கு எதையும் முன்னால் தள்ளும், சில நாளில் பழகிவிடும். பாட்டிலை எடுத்துவிடுங்கள். இந்த வயதில் மாதத்துக்கு 250 கிராமை ஒட்டி எடை ஏற வேண்டும். அங்கன்வாடியில் மாதம் ஒருமுறை அதே தராசில் பாருங்கள். அடுத்த மாதமும் ஏறவில்லை என்றால் உணவை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: குளிப்பாட்டியதும் மூக்கை ஊதிச் சளி எடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தொடரலாமா?
— வாசகி, சிவகங்கை

ப: வேண்டாம். எண்ணெய் மூக்கில் தங்காது, மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். நுரையீரலால் அதைக் கரைக்க முடியாது. அதனாலேயே நிமோனியா வரும். வாயால் ஊதினால் ஊதுபவரின் கிருமி உள்ளே போகும். மூக்கு அடைத்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்: பால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு. உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதில் ஆட்சேபம் இல்லை.

கே: மகனுக்கு ஒன்றரை வயது. நாளைக்கு நான்கு பாட்டில் பால், ஒவ்வொன்றும் 250 மில்லி. சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்கிறான். மொபைல் காட்டினால் நாலு வாய் இறங்குகிறது. பசியெடுக்க டானிக் சொல்லுங்கள்.
— வாசகர், ஓசூர்

ப: பசி நன்றாகவே இருக்கிறது, அதைப் பால் தின்றுவிடுகிறது. ஒரு லிட்டர் பாலில் 600 கலோரி. பாட்டிலுக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்டால் இன்னொரு 130. ஒன்று முதல் மூன்று வயதுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் தேவையே நாளுக்கு ஏறத்தாழ 1,000 கலோரிதான். சோற்றுக்கு என்ன மிச்சம்?

இதைவிடக் கவலைப்பட வேண்டியது ரத்தசோகை. பாலில் இரும்பு மிகக் குறைவு. கூடவே மற்ற உணவின் இரும்பு உடம்பில் சேர்வதையும் அது குறைக்கிறது. கொழுகொழுவென்று வெளிறிப்போய், மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்கிற பிள்ளைகள் பலர் பால் பிள்ளைகள்தான். மலச்சிக்கலும் இருக்கும். ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

நாளுக்கு 400 மில்லி, அதிகம் போனால் 500. முதலில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வருகிற பாட்டிலை நிறுத்துங்கள். நாலு நாள் கழித்து மாலையில் உள்ளதை. காலைப் பாலையும் இரவுப் பாலையும் டம்ளருக்கு மாற்றுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும். தூக்கத்தில் வாயில் வைக்கிற பாட்டில்தான் கடைசியாக விடைபெறும், பல்லைக் கெடுப்பதும் அதுவே: மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறதா பாருங்கள், சொத்தையின் தொடக்கம் அது. இரண்டு நாளுக்கு ஒருமுறை 50 மில்லி குறைத்து, கடைசியில் வெறும் தண்ணீர் ஆக்கிவிட்டால் எழுந்து கேட்பது தானாகவே குறையும். முதல் சில ராத்திரிகள் அழுகை இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். "பாவம், பிள்ளை வெறும் வயிறு" என்று நாலு மணிக்கு யாராவது ஒரு பாட்டில் கொடுத்தால் ஆறு நாள் உழைப்பு போயிற்று.

தட்டில் நாலு மேசைக்கரண்டி வையுங்கள்; கேட்டால் மேலே. கையில் எடுத்துச் சாப்பிட இட்லித் துண்டு, வெந்த உருளைக்கிழங்கு. முழு நிலக்கடலை, முழுத் திராட்சை நாலு வயது வரை வேண்டாம், தொண்டையை அடைக்கும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். சாப்பிட்டது போதும், அடுத்த வேளை வரும். மொபைல் பார்த்து விழுங்குகிற குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, நிறையாததும் தெரியாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை.

கே: பாராசிட்டமால் டிராப்ஸ், சிரப் இரண்டும் வீட்டில் இருக்கின்றன. "எல்லாம் ஒரே மருந்துதானே" என்று அத்தை எது கைக்கு வருகிறதோ அதைக் கொடுக்கிறார். மகள் 10 கிலோ.
— வாசகி, மதுரை

ப: அத்தை சொல்வது சரி, மருந்து ஒன்றுதான். அடர்த்தி வேறு. காய்ச்சலுக்கு ஒரு வேளை அளவு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் மகளுக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். டிராப்ஸ் பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், அதில் 1.5 மில்லி போதும். சிரப்பில் இரண்டு வகை: 5 மில்லியில் 120 என்று அச்சிட்டிருந்தால் 6 மில்லி, 250 என்றிருந்தால் 3 மில்லி. சிரப் நினைப்பில் டிராப்ஸை 6 மில்லி ஊற்றினால் உள்ளே போவது 600 மில்லிகிராம், நான்கு மடங்கு. ஈரலைக் கெடுக்கும் அளவை நோக்கிப் போகிற கணக்கு இது. தலைகீழாக, டிராப்ஸ் நினைப்பில் சிரப்பை 1.5 மில்லி கொடுத்தால் காய்ச்சல் இறங்காது, மருந்து கேட்கவில்லை என்று மணிக்கு ஒருதரம் கொடுக்கத் தோன்றும்.

வீட்டில் ஒரே அடர்த்தியில் ஒரே பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் இப்போதைய எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டு, ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதிப் பாட்டில்மேல் ஒட்டுங்கள். எடை கூடும்போது எண்ணையும் மாற்றுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஒரு ஸ்பூன் 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு சில ரூபாய்தான். கன்னத்து ஓரமாக மெதுவாக விட்டால் புரையேறாது. இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம், அவசரம் என்றாலும் நாலு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் சேர்ந்திருக்கும், இரட்டிப்பாகிவிடும். சளி மருந்தே சிறுபிள்ளைகளுக்கு நல்லதல்ல. குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று அட்டையில் அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது.

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டால் வீட்டு வைத்தியமே இல்லை, நேரே மருத்துவமனை.

கே: பேதிக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொடியில், ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரேயடியாகக் கலந்தால் பாதி வீணாகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியை எடுத்து டம்ளரில் கலக்கலாமா?
— வாசகி, கடலூர்

ப: வீணானால் ஆகட்டும். பாக்கெட்டுக்குள் உப்பும் குளுக்கோஸும் ஒரே சீராகக் கலந்திருக்காது. மேலாக எடுத்த ஸ்பூனில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. உப்பு கூடிப்போனால் பேதியைவிடப் பெரிய ஆபத்து. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் அளந்து, முழுப் பாக்கெட்டையும் கொட்டி, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கீழே ஊற்றுங்கள். மனம் வராவிட்டால் 200 மில்லிக்கான சிறு பாக்கெட் வாங்குங்கள். சர்க்கரை, எலுமிச்சை, குளுக்கோஸ் பவுடர் எதையும் மேலே சேர்க்க வேண்டாம்.

ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகத் தொடருங்கள். கூடவே துத்தநாகம்: ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10, மொத்தம் 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தவே கூடாது. ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், கண் குழி விழுந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால் உடனே கிளம்புங்கள்.

கே: தூளி எத்தனை மாதம் வரை கட்டலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

ப: குழந்தை தானாகக் குப்புற விழத் தொடங்கும் வரை, அன்றோடு அவிழ்த்துவிட வேண்டும்; உட்காரப் பழகியபின் கட்டவே கூடாது. எழுந்து உட்கார்ந்து விளிம்பைப் பிடித்து எட்டிப்பார்க்கும் குழந்தை தலைகீழாகத்தான் விழும். உள்ளபடி சொன்னால் எந்த வயதிலும் பாதுகாப்பானது மட்டமான, கெட்டியான விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைப்பதுதான். தூளி இல்லாமல் தூங்காத குழந்தை என்றால், தூங்கியதும் பாயில் மாற்றிவிடுங்கள்.

கட்டுவதாக இருந்தால் பழைய பருத்திச் சேலை. நைலக்ஸ், சில்க் முடிச்சு நழுவும். குழந்தையைப் போட்டபின் தூளியின் அடி தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போகக்கூடாது, கீழே கனமான போர்வையை மடித்துப் போடுங்கள். இரண்டு பக்கத் துணியும் முகத்தின்மேல் மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே தொட்டில் கட்டை கட்டாயம். பச்சைக் குழந்தைக்குத் துணி வில்லாக வளைந்து தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழல் மடங்கும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் தொட்டில் என்றால் கொக்கி தேய்ந்திருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கழுத்து இறுகும் விபத்தில் சிக்குவது பெரும்பாலும் தூளியில் படுக்கிற குழந்தை இல்லை, அக்காவும் அண்ணனும். வெறும் தூளிக்குள் உட்கார்ந்து முறுக்கிச் சுற்றும்போது துணி கழுத்தில் இறுகும். அதனால் குழந்தையை எடுத்த கையோடு சேலையைச் சுருட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் முடிந்து போட்டுவிடுங்கள்.