வெட்டியவர் சாப்ளினேதான்

கேள்வி: சார்லி சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்' படத்துக்காக நடித்து, படத்தில் வராமலே போன குச்சிக் காட்சியைப் போனில் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அதைப் போய் வெட்டியவருக்கு ரசனை உண்டா? நாங்களும் தனுஷ்கோடியில் 18 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறோம். காணாமல்போன தம்பியைத் தேடும் அக்காவின் கதை. வேன் டிரைவராக வரும் நண்பர், மணலில் புதைந்த டயரோடு 4 நிமிடம் மல்லுக்கட்டுவார். பார்த்தவர்கள் அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ரசனை இருந்ததால்தான் வெட்டினார். வெட்டியவர் சாப்ளினேதான். அந்தப் படத்தில் நடிப்பு, இயக்கம், தயாரிப்பு, தொகுப்பு எல்லாமே அவர் பொறுப்பு. 1928 கடைசியில் தொடங்கிய படம், 1931 ஜனவரியில்தான் திரைக்கு வந்தது. அவ்வளவு காலம் இழைத்தவர் அவசரத்தில் கத்தரி போட்டிருப்பாரா?

காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். நடைபாதைக் கம்பிச் சட்டத்தில் ஒரு மரக்குச்சி சிக்கியிருக்கிறது. சாப்ளின் கைத்தடியால் ஒரு முனையைக் குத்தினால் மறுமுனை எழும்பும். அதை அமுக்கினால் இது எழும்பும். கூட்டம் கூடுகிறது, போலீஸ்காரர் வந்து கலைக்கிறார். துணிக்கடைக் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர் சைகையாலேயே யோசனை சொல்கிறார். ஏறக்குறைய 7 நிமிடம், ஒரே ஒரு குச்சி. சாப்ளினின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படத்தின் கதைக்கு மையமான பார்வையற்ற பூக்காரிக்கும் இந்தக் குச்சிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காட்சி தானே தொடங்கித் தானே முடிந்துவிடுகிறது. எடுத்துவிட்டாலும் கதையில் ஓட்டை விழவில்லை. 1983-ல் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் எடுத்த ஆவணத் தொடரில்தான் உலகம் அதை முழுசாகப் பார்த்தது. தனியாகப் பார்த்ததால்தான் நீங்களும் இவ்வளவு சிரித்தீர்கள்.

இனி உங்கள் டயருக்கு வருவோம். அந்த 4 நிமிடம் இல்லாமல் ஒரு பிரதி போடுங்கள். படப்பிடிப்புக்கு வராத ஏழெட்டுப் பேரிடம் காட்டுங்கள். உங்கள் குழுவிலுள்ளவர்கள் வேண்டாம், அவர்கள் அன்றைக்கு அங்கே சிரித்ததை நினைத்துச் சிரிப்பார்கள். 'அக்கா ஏன் நடந்து போகிறாள், வேன் என்ன ஆச்சு?' என்று யாராவது கேட்டால் அந்தக் காட்சிக்கு வேலை இருக்கிறது. சுருக்கி வையுங்கள். யாரும் கேட்கவில்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

சுருக்கும்போது முன்பக்கத்தை வெட்டுங்கள். வண்டி நிற்பது, கதவு திறப்பது, இறங்கி வருவது எதுவும் வேண்டாம். டயர் சுற்றி மணலை வாரி அடிப்பதில் தொடங்கலாம். நடுவில் முகத்துக்கு குளோசப் போட்டு உடம்பைத் துண்டாக்காதீர்கள். காலும் டயரும் ஒரே ஃபிரேமில் இருந்தால்தான் சறுக்குவது சிரிப்பு. குச்சிக் காட்சியின் பலமே அதுதான். உச்சச் சிரிப்புக்குப் பிறகு ஒரு விநாடி, அதாவது 24 ஃபிரேம், சும்மா விடுங்கள். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். 'டொய்ங்' சத்தம் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. 2017-ல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. வேன் ஏன் மணலில் இறங்கியது என்று பாம்பன்காரர் முதல் கேள்வியே கேட்பார். எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கியதாக ஒரே ஒரு ஷாட் போதும். மணலில் டயர் பிடிக்கக் காற்றை இறக்க வேண்டும். உங்கள் டிரைவர் விவரம் தெரியாமல் பம்ப் வைத்து ஏற்றுவதாக எடுத்திருந்தால், நம் கரையில் அதற்குத்தான் கைதட்டல் விழும்.

சத்தம்தான் பெரிய தலைவலி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எடுத்திருந்தால், மைக்கில் வெறும் ஸ்பாஞ்ச் உறை போதாது, ரோம உறை போட்டிருக்க வேண்டும். எடிட்டிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலியை வெட்டினால் உறுமல் குறையும். ஆனால் காற்று மோதி ஒலி உடைந்திருந்தால் எந்த மென்பொருளும் மீட்காது, டப்பிங்தான். ஒவ்வொரு வெட்டிலும் அலைச் சத்தம் துண்டாகிக் குதிப்பதும் காமெடியைக் கெடுக்கும். வசனமில்லாத வெறும் கடல் சத்தத்தை 2 நிமிடம் தனியாகப் பதிந்து, காட்சி முழுக்க அடியில் ஓடவிடுங்கள். காட்சியை எடுத்த கரையிலேயே அதைப் பதியுங்கள். தெற்கே ஆண்கடலான மன்னார் வளைகுடா அலை ஒரு மாதிரி, வடக்கே பெண்கடலான பாக் விரிகுடா வேறு மாதிரி. மாற்றிப் போட்டால் மீனவர் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

நீக்கினாலும் அழித்துவிடாதீர்கள். கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்புகளையும் எடிட்டிங் புராஜெக்ட் கோப்பையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, இரண்டு வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி கணக்கில் சேராது, அது சுருங்கிப் போனது. நண்பரிடம் மட்டும் படம் வெளியாகும் முன்பே நேரில் சொல்லிவிடுங்கள். திரையிடலில் உட்கார்ந்து தன் காட்சியைத் தேடும்படி அவரை விட்டுவிடாதீர்கள்.